நல்ல தண்ணீர் என்று நான் பச்சை அடித்த கிணறு

போன வாரம் ஒரு பெண்ணிடமிருந்து மின்னஞ்சல். சர்வதேசச் சுற்றுச்சூழல் தரநிலை ஒன்றை எழுதும் குழுவில் முப்பது வயதுக்குட்பட்டவர்களையும் சேர்க்கிறார்களாம். இவளையும் எடுத்திருக்கிறார்களாம். தருமபுரிப் பக்கம் நான்கு நாள் களப்பயணம். "மேடம், என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?" என்று கேட்டிருந்தாள். தொப்பி, குடை, எலுமிச்சம்பழம் என்று இரண்டு வரி எழுதி அனுப்பத்தான் உட்கார்ந்தேன். அது இப்படி நீண்டுவிட்டது.

நானும் இதே வேலையாக இதே ஊருக்குப் போயிருக்கிறேன். 1986 ஏப்ரல். எனக்கு இருபத்து நான்கு வயது. சென்னையில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளர் வேலை, சேர்ந்து பதினோரு மாதம். கிராமத்துக் குடிநீரை எப்படிச் சோதிப்பது என்று வெளிநாட்டில் ஒரு தரநிலைக்கு வரைவு எழுதியிருந்தார்கள். பெரியவர்களே உட்கார்ந்து எழுதினால் போதாது, இளைஞர்களும் களத்தில் இறங்கிப் பார்த்துக் கருத்துச் சொல்லட்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. நாட்டுக்குச் சில பேர் என்று தேர்ந்தெடுத்ததில் எங்கள் ஊரிலிருந்து ஆறு பேர். கர்வம் தாங்கவில்லை எனக்கு. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த வரைவின் அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பாரிமுனையில் காலை ஆறரைக்குப் பஸ். தருமபுரி கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தேழு ரூபாய். களக்குறிப்பு நோட்டு இன்னும் என்னிடம் இருப்பதால் இவ்வளவு துல்லியம். வேலூரில் இட்லி, கிருஷ்ணகிரியில் மாங்காய்க் கீற்று, இரண்டேகாலுக்குத் தருமபுரி. என் மடியில் சோதனைப் பெட்டி. அதற்குள் கண்ணாடிக் குழாய்களும் மருந்துப் புட்டிகளும், கூடவே பச்சை ஒன்று சிவப்பு ஒன்றாக இரண்டு பெயிண்ட் டப்பாக்கள். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, எலெக்சனுக்குச் சொவரெழுத வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் அறை, நாளுக்கு இருபத்தைந்து ரூபாய். சுத்தமாக இருந்தது.

மூன்று ஜோடிகளாகப் பிரித்திருந்தார்கள். ஒரு ஜோடி பாலக்கோட்டுக்கு, ஒரு ஜோடி நல்லம்பள்ளிக்கு. எனக்கும் அந்தோணிக்கும் அதியமான்கோட்டைப் பக்கம். அந்தோணி குடிநீர்த் திட்டப் பொறியாளர், இருபத்தாறு வயது, சில மாதங்களாக எங்கள் கூடத்தில் என் எதிர் மேஜைக்காரர். அந்தப் பக்கத்துக் கத்தோலிக்க விவசாயக் குடும்பம், நாங்கள் போகவேண்டிய கிராமமே அவருடைய சொந்த ஊர். எதற்கெடுத்தாலும் என்னை 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவார். சென்னையில் மனைவிமார் கணவனைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று நான் கேலி செய்தால், வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பார். எப்போதும் அப்படித்தான் சிரிப்பார். பல்லில் பழுப்புக் கறை உண்டு. சிகரெட் பழக்கம், மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கிராமத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஏன் என்பது படித்து முடிக்கும்போது புரியும்.

இரண்டாம் நாள் காலை 7.10க்கு டவுன் பஸ், அதியமான்கோட்டை ஏழு கிலோமீட்டர், எழுபத்தைந்து பைசா. அங்கே நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர் நடை. ஊருக்கு இரண்டு கிணறு. வடக்கே பாறையை உடைத்துத் தோண்டிய ஆழமான கிணறு, ஊற்று மெதுவாகத்தான் சுரக்கும். பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றிருந்தார்கள். அங்கிருந்து நானூறு அடி தள்ளித் தெற்கே இன்னொரு கிணறு. தண்ணீர் மேலேயே கிடந்தது, வரிசையே இல்லை, இரண்டு எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே வரைவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஏழை நாடுகளில் சோதனை மருந்துகளின் செலவைக் குறைக்க அதில் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்களே நல்லது என்று சொல்லி, தெளிவாகவும் நாற்றமில்லாமலும் சுவையில் குறையில்லாமலும் இருக்கும் தண்ணீருக்குச் சுருக்கமான சோதனை போதும். அவர்கள் குறை சொல்லும் தண்ணீருக்குத்தான் முழுச் சோதனை. தேறியதற்குப் பச்சை, தேறாததற்குச் சிவப்பு என்று அங்கேயே அடையாளம் இட வேண்டும். மக்கள் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்கும் அருமையான விதி என்று கிளம்பும் முன்பே நான் பாராட்டி எழுதிக் கொடுத்திருந்தேன். கேள்விப் படிவத்தைத் தமிழாக்கியதும் நான்தான். குடிப்பதற்கு ஏற்ற நீரா என்று இழுக்காமல், பேச்சுவழக்கில் மூன்றே வார்த்தையில் முடித்திருந்தேன்: 'இது நல்ல தண்ணீரா?'

வடக்குக் கிணற்றில் வரிசையின் முன்னால் நின்ற மாதம்மாவிடம் கேட்டேன். ஐம்பது வயது இருக்கும், ஊரில் பெரிய பண்ணைக் குடும்பம், குரலிலேயே தெரிந்தது. "ஏம்மா, பாத்தாத் தெரியலீங்களா? இதாங்க நல்ல தண்ணி. சக்கரையாட்டம் இருக்கும். அந்தக் கெணறு உப்புங்க, மாட்டுக்குத்தான்." நானும் குடித்துப் பார்த்தேன். உண்மையாகவே இனிப்பு. சுருக்கமான சோதனையில் தேறிவிட்டது. தெற்குக் கிணற்றுக்கு முழுச் சோதனை செய்தேன். சுண்ணாம்புச் சத்து வரம்புக்கு மேல், உப்பும் அதிகம். ஃப்ளோரைடு இல்லை, ஆனால் மற்றதில் தேறவில்லையே. 11.40க்கு வடக்குக் கிணற்றுச் சுவரில் பச்சை வட்டமும் தெற்குக் கிணற்றில் சிவப்பு வட்டமும் அடித்தோம். பச்சை அடிக்கும்போது பெண்கள் கைதட்டினார்கள். அவர்களில் பாதிப் பேருக்குப் பல் பழுப்பாக இருந்தது. வெற்றிலை போடுகிற ஊர் என்று முடிவுகட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் வயல் கிணறுகளைப் பார்த்துவிட்டு மதியம் ஒன்றரைக்கு அந்தோணியின் அக்கா செசிலி வீட்டில் சாப்பாடு. முந்தின நாளும் அங்கேதான் சாப்பிட்டோம், ஆனால் மூத்த மகள் ஸ்டெல்லா அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அன்றைக்கு அவளுக்கு லீவு. எட்டு வயது. என் மூக்கில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அவள் முன்பற்களில் பழுப்புக் கோடுகள், குறுக்காக, ஒன்றின்கீழ் ஒன்று. ஓரத்தில் பல் அரித்துக் குழி விழுந்திருந்தது.

எட்டு வயதுப் பெண் வெற்றிலையும் போடுவதில்லை, சிகரெட்டும் பிடிப்பதில்லை. சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"அக்கா, இவ பல்லு ஏன் இப்படி இருக்கு?" என்று செசிலியிடம் கேட்டேன்.

"அதுங்களா? அது ஊரு பல்லுங்க. இந்த ஊருல பொறந்தா இப்பிடித்தான். எனக்கும் இருக்குது, எந்தம்பிக்கும் இருக்குது." அந்தோணி தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சின்ன வயசுல இருந்து எந்தத் தண்ணி குடிக்கிறா?"

"நல்ல தண்ணிதாங்க. தலச்சன் புள்ளயாச்சே. எவ்வளவு நேரம் ஆனாலும் லைன்ல நின்னு கொண்டாந்துருவேன். பாப்பாவுக்குத்தாங்க முடியல." தூளியில் தூங்கிய இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கைப்புள்ளய வச்சிக்கிட்டு வெயில்ல நிக்க முடியுங்களா? உப்புத் தண்ணியவே காய்ச்சிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். நேத்து நீங்க செவப்பு அடிச்சீங்க பாருங்க, அதுல இருந்து ஒரு சொட்டு குடுக்கல. இவுங்க அப்பாவயும் லைன்ல நிக்கச் சொல்லிட்டேன். படிச்சவங்க வந்து சொன்னதுக்கப்புறம் எப்படிங்க குடுக்கறது?"

கை கழுவக்கூட இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வடக்குக் கிணற்றுக்கு ஓடினேன்.

ஃப்ளோரைடு அதிகமான தண்ணீரைச் சிறு வயதில் குடித்தால் பல் இப்படித்தான் பழுப்பாகும், சுருக்கமான சோதனையில் அதைப் பார்ப்பதில்லை. அதற்கான சோதனை எளிமையானது. தண்ணீரில் சிவப்பு மருந்து விட்டு ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். ஃப்ளோரைடு இல்லாவிட்டால் இளஞ்சிவப்பாகவே நிற்கும். இருந்தால் வெளுத்து மஞ்சளாகும். ஒரு குழாயில் வடக்குத் தண்ணீர், ஒன்றில் தெற்குத் தண்ணீர், ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவதில் சென்னையிலிருந்து கொண்டுபோன காய்ச்சி வடித்த தண்ணீர். வேப்பமர நிழலில் நட்டு வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்தோணி பத்து நிமிடம் கழித்து வந்தார். வடக்குக் குழாயைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுல மருந்து ஊத்த மறந்துட்டீங்களா?" என்றார்.

மறக்கவில்லை. அதற்குள்ளாகவே மஞ்சளாகியிருந்தது. தெற்குக் குழாய், எருமை குளிக்கும் கிணறு, நான் சிவப்பு வட்டம் போட்ட கிணறு, ரோஜாப்பூ நிறத்தில் நின்றது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை, பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். சுண்ணாம்புச் சத்து அதிகமான தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் தங்காது. தெற்குக் கிணற்றைக் குடிக்கச் சகிக்காமல் செய்த அதே சுண்ணாம்புதான் அதைக் காப்பாற்றியிருந்தது. ஃப்ளோரைடுக்கு ருசியும் இல்லை, நாற்றமும் இல்லை. கல்லூரியில் இதைப் பற்றி ஒரு பக்கம் படித்தேன், ஒரு புகைப்படமும் இருந்தது, தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்தப் பற்களை மாதக்கணக்கில் என் எதிர் மேஜையில் வைத்துக்கொண்டு சிகரெட் என்று நினைத்திருக்கிறேன். தமிழ் பேசிப் பிறந்தவள் நான். 'நல்ல தண்ணி' என்றால் உப்பில்லாத தண்ணி என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் படிவத்தில் எழுதும்போது அது 'கெடுதல் இல்லாத தண்ணீர்' ஆகிவிட்டது. ஊர்க்காரர்கள் ருசியைச் சொன்னார்கள், நான் அதை ஆரோக்கியம் என்று எழுதிக்கொண்டேன். பெயிண்ட் டப்பாவில் ஐந்து வருடம் அழியாது என்று போட்டிருந்தது. ஈறுக்குள் நிரந்தரப் பற்கள் உருவாகவும் ஏறக்குறைய அவ்வளவு காலம்தான். மறுநாள் நாங்கள் ஊரைவிட்டுப் போயிருப்போம், வட்டம் அங்கேயே இருந்திருக்கும், பாப்பாவின் பற்கள் அந்தத் தண்ணீரில் உருவாகியிருக்கும்.

அந்தோணி கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்றார். "காலேஜ் ஹாஸ்டல்ல செங்கல் பொடி போட்டுத் தேய்ச்சிருக்கேங்க," என்றார். "ஈறு கிழிஞ்சி ரத்தம் வரும். அழுக்குன்னே நெனச்சிட்டு இருந்தேன்." தண்ணீர்த் திட்டம் போடுகிற பொறியாளருக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் நான் இல்லை.

நாலரை மணிக்கு வட்டங்களை மாற்றி அடித்தோம். முந்தைய நாள் பெயிண்ட் சரியாகக் காயாததால் பச்சைமேல் சிவப்பு படிந்து பழுப்பாகிவிட்டது. மாதம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, நேத்துப் பச்சைன்னீங்க, இன்னிக்கிச் செவப்புங்கறீங்க. நாளைக்கி என்ன கலருங்க? அந்தத் தண்ணில பருப்பு வேவுமாங்க? ஒரு நாள் ஆக்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். குழாய்களைக் காட்டினேன். ருசி வேறு, கெடுதல் வேறு, பல் முளைக்கும் வயதுப் பிள்ளைகளுக்காவது தெற்குத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள் என்றேன். கூட்டம் முணுமுணுத்தது. மாதம்மா மஞ்சள் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"எம் பொண்ணப் பாத்துட்டுப் போனவங்க, பல்லு சரியில்லன்னு சொல்லி வுட்டாங்க. ரெண்டு எடம் அப்பிடிப் போச்சுங்க. ஒழுங்கா வெளக்குடின்னு அவளத்தான் அடிச்சேன்." குழாயை என் கையில் கொடுத்துவிட்டு, நிரம்பிய குடத்தைத் தூக்காமலே வீட்டுக்கு நடந்தார்.

பஸ்ஸில் மறுநாள் சொல்லவேண்டிய கருத்தை எழுத ஆரம்பித்தேன்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்குத் தருமபுரி டிராவலர்ஸ் பங்களாவில் கூட்டம். வெளிநாட்டிலிருந்து வரைவுக் குழுத் தலைவி வந்திருந்தார், நரைத்த முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. மதியம் பெங்களூருக்குக் கிளம்ப வேண்டும். பக்கத்தில் நம் நாட்டுக் குழுவின் செயலாளர். நிகழ்ச்சி நிரலில் 'இளைஞர் கருத்து' என்று டீக்கும் புகைப்படத்துக்கும் நடுவில் பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குத்தான் எங்களை வரவழைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கருத்துப் படிவத்தில் ஒவ்வொரு கருத்தும் எந்த வகை என்று ஒரு கட்டம் உண்டு: பொது, தொழில்நுட்பம், மொழித் திருத்தம். என் கருத்து இதுதான்: ஊர்க்காரர் நல்லது என்று சொல்வதை வைத்தோ, ருசியை வைத்தோ எந்தச் சோதனையையும் விடக்கூடாது. நான் வாசித்து முடித்ததும் செயலாளர் அதன் எதிரில் 'மொழித் திருத்தம்' என்று எழுதினார்.

"சார், இது தொழில்நுட்பம்," என்றேன்.

"நீங்க தமிழ்ல தப்பா மொழிபெயர்த்ததை ஒத்துக்கறீங்க இல்லையா? மூல வரைவுல நல்ல தண்ணின்னு எங்கம்மா இருக்கு? படிவத்தை மாத்திக்கலாம். விதிய ஏன் மாத்தணும்?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மொழித் திருத்தங்களைக் குழு விவாதிக்காது, ஒரு குமாஸ்தா பார்த்துச் சரிசெய்வார். அவர் சொன்னதில் பாதி உண்மைதான்.

அந்தோணி எழுந்தார். பேசுவார் என்று நினைத்தேன். மேஜையைச் சுற்றி நடந்து போய், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி தலைவிக்கு எதிரில் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டை முழுவதும் விலக்கிப் பல்லைக் காட்டினார். மேலே, கீழே, கடைவாய் வரை. இத்தனை மாதத்தில் ஒருநாளும் நான் அவற்றை முழுவதும் பார்த்ததில்லை.

"மேடத்துக்கு இங்கிலீஷ்ல சொல்லுங்க சார்," என்றார் செயலாளரிடம். "இது எந்தக் கட்டத்துல சேரும்னு அவங்களே பாத்து எழுதட்டும்."

தலைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து கிட்டே வந்து பார்த்தார். எத்தனை பேருக்கு இப்படி என்று என்னைக் கேட்டார். ஊருக்கே என்றேன். உட்கார்ந்து, செயலாளரின் கையிலிருந்த படிவத்தை வாங்கி, 'மொழித் திருத்தம்' என்பதை அடித்துத் 'தொழில்நுட்பம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். புகைப்படம் எடுக்கவில்லை. பெங்களூர் கார் இரண்டரை மணி நேரம் காத்திருந்தது. அந்த விதி கடைசியில் வரைவிலிருந்து போயிற்று. எங்கள் பெயர் எங்கேயும் வரவில்லை, அதில் எனக்கு வருத்தமில்லை.

கேட்ட பெண்ணுக்கு இனி என் பதில். தொப்பி அவசியம். டவுன் பஸ் இப்போது அடிக்கடி இருக்கிறது, நெடுஞ்சாலையின் எண்ணை 44 என்று மாற்றிவிட்டார்கள், சென்னையிலிருந்து ஆறு மணி நேரத்தில் போய்விடலாம். ஒகேனக்கல் தண்ணீர் பல ஊர்களுக்கு வந்துவிட்டது என்கிறார்கள், ஆனாலும் எது நல்ல தண்ணீர் என்று காட்டுகிறார்களோ அதை முதலில் சோதி. உன் கேள்விப் படிவத்தை அச்சடிக்கும் முன் அந்த ஊர்ப் பெண்கள் மூன்று பேரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேள். முடிவு வரும்வரை சுவரில் எதையும் அடிக்காதே. ருசித்துப் பார், ஆனால் ருசித்ததை எழுதாதே. உனக்குத் தரும் நேரம் டீக்கும் புகைப்படத்துக்கும் நடுவில் இருந்தால், முதலிலேயே மாற்றச் சொல்லு. உன்னோடு வேலை செய்கிறவர் ஏன் வாயை மூடிச் சிரிக்கிறார் என்பதையும் கேட்டு வை.

ஐந்து வருடம் கழித்து செசிலியிடமிருந்து ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது. பாப்பாவுக்குப் பால் பல் விழுந்து முன்பல் இரண்டு முளைத்திருக்கிறதாம், வெள்ளையாக இருக்கிறதாம், தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். பருப்பு மட்டும் இன்னும் வேக மாட்டேனென்கிறதாம். கடைசியில் கொஞ்சம் இடம் விட்டு, வேறு கையெழுத்தில், ஸ்டெல்லா ஒரு வரி எழுதியிருந்தாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. 'அக்கா, என்னுது போயிடுமா?'

நான்கு நாள் அந்தக் கடிதத்தை மேஜையில் வைத்திருந்தேன். பிறகு பதில் எழுதினேன். போகாது.